டெல்டா சாலையில் 40 புரொஃபைல்: ஒரு மஸ்டாங் ஜிடிக்கு மாற்று டயர் அளவு முடிவான விவரம்

வண்டி 2017 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி, 5.0 லிட்டர் வி8. இருப்பது கும்பகோணத்தில். ஓட்டம் பெரும்பாலும் தஞ்சாவூர், மயிலாடுதுறை, மன்னார்குடி, இடையில் எப்போதாவது திருச்சி. கம்பெனி பொருத்தி அனுப்பிய அளவு முன்னால் 255/40 ஆர்19, பின்னால் 275/40 ஆர்19. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில்; இரண்டாவது புரொஃபைல், அதாவது சைடுவால் எனப்படும் பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது; கடைசி எண் ரிம் விட்டம், அங்குலத்தில். முன் ரிம் 9 அங்குல அகலம், பின் ரிம் 9.5.

வந்த புகார் இது: 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் பின்பக்கம் மெல்லிய குலுக்கல். பேலன்சிங் இரண்டு தடவை பார்த்தும் போகவில்லை. டயர் மாற்ற வேண்டும் என்று முடிவானதும் அந்த அளவு கடையில் இல்லை. கையிருப்பில் இருந்த வேறு அளவைப் போடலாம் என்று கடையில் சொன்னார்கள். அங்கே தொடங்குகிறது இந்த ஆய்வு.

முதலில் டயர்களில் கண்டது

வண்டியை லிஃப்டில் ஏற்றிச் சக்கரங்களைக் கையால் சுற்றிப் பார்த்தபோது இடது பின் டயரின் உள் சைடுவாலில் ஒரு புடைப்பு, பாதி எலுமிச்சம்பழம் அளவுக்கு. தரையில் நின்று பார்த்தால் கண்ணில் படவே படாது, ஏனென்றால் அது உள்பக்கம். இடது முன் டயரிலும் உள்பக்கத்தில் சின்னதாக ஒன்று எழும்பத் தொடங்கியிருந்தது. இடது பின் ரிம்மின் உள் விளிம்பு லேசாக நசுங்கியிருந்தது. வலது பக்கம் இரண்டு டயரும் சுத்தம்.

இடது பக்கம், அதுவும் உள் சுவர். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். குறுகிய சாலையில் எதிரே பஸ் வந்தால் இடது சக்கரங்களைத் தாரை விட்டு மண்ணில் இறக்குகிறோம். சாலையோரக் களிமண் வெயிலில் சுருங்கிப் பள்ளமாகி, தார் விளிம்பு கூராக நிற்கும். திரும்ப ஏறும்போது அந்த விளிம்பு இருப்பது சக்கரத்துக்கு வலப்புறம், அதாவது இடது டயரின் உள் சுவர் பக்கம். ரிம் விளிம்புக்கும் தார் விளிம்புக்கும் நடுவே சைடுவால் மடிந்து நசுங்கும்போது உள்ளே ஓடும் நூல் இழைகள் அறுகின்றன. ரப்பர் அறுவதில்லை, அதனால் காற்று இறங்காது. இழை இல்லாத இடத்தில் ரப்பர் மட்டும் காற்றைத் தாங்கிப் புடைத்துக்கொள்ளும். ரிம்மிலும் உள் விளிம்புக்கு அருகில் ஆரங்கள் இல்லை, ஆகவே முதலில் வளைவது அதுதான்.

இன்னொரு இடம் ஆற்றுப் பாலங்களும் வாய்க்கால் மதகுகளும். பாலத்தின் கான்கிரீட் அசையாது, அணுகுசாலைக்குக் கொட்டிய மண் மட்டும் வருடா வருடம் அமுங்கும். கான்கிரீட் விளிம்பு படி போல நின்றுவிடும். குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு என்று கொஞ்ச தூரத்துக்குள் பல பாலங்களைத் தாண்ட வேண்டிய ஊர் இது. நீடாமங்கலம் மாதிரி ரயில்வே கேட்டுகளையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அங்கெல்லாம் இரண்டு பக்கமும் சேர்ந்தே அடிபடும். இந்த வண்டியில் இடது மட்டும் போயிருப்பதால் பழி தார் விளிம்புக்கே.

காலையில், வண்டி எடுப்பதற்கு முன், காற்று அளந்ததில் நான்கு டயரிலும் டிரைவர் பக்கக் கதவுத் தூணில் இருக்கும் ஸ்டிக்கர் அளவைவிட 5 பிஎஸ்ஐ குறைவு. ‘மேடு பள்ளத்துக்கு மெத்துன்னு இருக்கட்டும்’ என்று வேண்டுமென்றே குறைத்திருக்கிறார்கள். டெல்டாவில் பரவலாக உள்ள இந்தப் பழக்கம் 40 புரொஃபைல் டயரை நேராகக் கொல்லும். காற்று குறைந்தால் சைடுவால் அதிகம் மடியும், ரிம் விளிம்புக்கும் சாலை விளிம்புக்கும் உள்ள தூரம் குறையும், சிறு அடியிலேயே இழை அறும். ஆகவே புடைப்புக்குக் காரணம் டயர் அளவு அல்ல. அளவை மாற்றினாலும் காற்றை இப்படியே வைத்தால் அடுத்த டயரும் இதே இடத்தில் புடைக்கும்.

டயர்களின் தேதி 1117, அதாவது 2017-ஆம் ஆண்டின் 11-வது வாரம். வண்டியோடு வந்தவையே. பட்டன், அதாவது தரையைத் தொடும் பரப்பில் உள்ள வரிப்பள்ளத்தின் ஆழம், பின் டயரில் 3.2 மில்லிமீட்டர், முன்னால் 4.5. வயதையும் புடைப்பையும் சேர்த்துப் பார்த்து நான்கையும் மாற்றுவது என்று முடிவு. புடைப்புக்கு ஒட்டு வேலை எதுவும் கிடையாது. உள்ளே பேட்ச் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கேட்கவே வேண்டாம்.

கடைக்காரர் சொன்ன மாற்று

“அண்ணே, 275/40 இப்ப கைக்கு வராது. 275/35 இருக்கு. ரிம் அதே 19 தானே, உக்காந்துக்கும்.”

உட்காரும் என்பது உண்மை. 275/35-க்கு அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் 9 முதல் 11 அங்குலம் வரை, 9.5 ரிம்மில் எந்தச் சிக்கலும் இல்லாமல் ஏறும். சிக்கல் விட்டத்தில். கணக்கு எளிது: அகலத்தைப் புரொஃபைல் சதவீதத்தால் பெருக்கினால் சைடுவால் உயரம், அதை இரட்டித்து ரிம் விட்டத்தோடு கூட்டினால் டயரின் மொத்த விட்டம். 19 அங்குலம் என்பது 482.6 மில்லிமீட்டர்.

முன் 255/40: சைடுவால் 102, விட்டம் 686.6 மிமீ.
பின் 275/40: சைடுவால் 110, விட்டம் 702.6 மிமீ.
பின் 275/35: சைடுவால் 96.25, விட்டம் 675.1 மிமீ.

கம்பெனி அமைப்பில் பின் சக்கரம் முன் சக்கரத்தைவிட 2.3 சதவீதம் பெரிது. அதனால் நேர் சாலையில் பின் சக்கரம் எப்போதும் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும். ஏபிஎஸ், டிராக்‌ஷன் கண்ட்ரோல், ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் (முறையே பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்வது, சக்கரம் வழுக்குவது, வண்டி தடம் மாறுவது ஆகியவற்றைத் தடுப்பவை) மூன்றும் நான்கு சக்கர சென்சார்களின் வேகத்தை ஒப்பிட்டுத்தான் வேலை செய்கின்றன, அவற்றுக்கு இந்த 2.3 சதவீதம் இயல்பு நிலை. 275/35 போட்டால் பின் சக்கரம் முன்னதைவிட 1.7 சதவீதம் வேகமாகச் சுற்றும். வித்தியாசம் மொத்தம் 4 சதவீதம், அதுவும் தவறான திசையில். பின் சக்கரம் சதா வழுக்குவதாகக் கம்ப்யூட்டர் நினைக்கும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் நல்ல காலம், தெரிந்துவிடும். விளக்கு எரியாமல், ஈரச் சாலையில் இன்ஜின் சக்தியைத் தேவையில்லாத நேரத்தில் குறைத்தால் அதுதான் ஆபத்து.

இரண்டாவது, சைடுவால் 14 மில்லிமீட்டர் குறைகிறது. புடைப்புக்காக வந்த வண்டிக்குச் சைடுவாலைக் குறைப்பது நோயைக் கூட்டும் மருந்து. வண்டியின் பின்பக்கமும் அதே அளவு தாழும்.

மூன்றாவது, சுமை எண். 275/40 ஆர்19 சாதாரண வகையில் 101, அதாவது சக்கரத்துக்கு 825 கிலோ. 275/35 ஆர்19 சாதாரண வகையில் 96, 710 கிலோ. இந்த வண்டியின் நிஜச் சுமையைப் பார்க்க நெல் லாரிகள் ஏறும் எடைமேடையே போதும்: முதலில் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு சீட்டு, பிறகு முழு வண்டியை ஏற்றி ஒரு சீட்டு. இரண்டு பேரும் நிறைந்த டேங்க்கும் சேர்த்து முன் அச்சில் 1,030 கிலோ, பின் அச்சில் 920. அப்படியானால் 710-ம் தாங்கும்தானே என்று தோன்றும். ஆனால் கம்பெனி குறித்த சுமை எண்ணுக்குக் கீழே இறங்கக் கூடாது. அந்த எண்ணில் முழுச் சுமை, வேகம், பள்ளத்தில் விழும் அதிர்ச்சி எல்லாவற்றுக்கும் இடம் விட்டிருக்கிறார்கள். அந்த இடத்தைத் தின்றுவிட்டுப் பாபநாசம் சாலையில் ஓட்டக் கூடாது.

275/35 நிராகரிக்கப்பட்டது. கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது. 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்தபிறகு இந்த மாதிரி அளவுகள் கடைக்கு வருவதே கடினமாகிவிட்டது. இருப்பதை விற்கப் பார்ப்பது கடைக்காரர் வழக்கம். வாங்குபவர்தான் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

பெரிய சைடுவால் ஆசை

வண்டிக்காரர் கேட்டது நியாயமான கேள்வி: இந்தச் சாலைகளுக்கு 45 புரொஃபைல் போட்டால் என்ன? முன்னால் 255/45, பின்னால் 275/45.

கணக்கில் இது 35-ஐவிட எவ்வளவோ மேல். முன் விட்டம் 712.1, பின் விட்டம் 730.1. முன்பின் வித்தியாசம் 2.5 சதவீதம், கம்பெனியின் 2.3-க்கு மிக அருகில். ஏபிஎஸ் குழம்பாது. சைடுவால் முன்னால் 12.75, பின்னால் 13.75 மில்லிமீட்டர் கூடும், வண்டி அதே அளவு உயரும். வேகத்தடையில் அடிவயிறு தட்டுவது குறையும். சுமை எண்ணும் கூடுதல்தான். இத்தனை நன்மை உள்ள யோசனையைத் தள்ளுவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும்.

அளக்கும் முறை இதுதான். வண்டியை நான்கு சக்கரத்திலும் தரையில் நிறுத்தி இரண்டு பேரை உட்கார வைக்க வேண்டும். ஸ்டியரிங்கை முழு இடது, முழு வலது திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் டயரின் மேற்பரப்பிலிருந்து வீல் லைனருக்கு (சக்கரக் குழியின் பிளாஸ்டிக் உறை) முன்னும் பின்னும், ஃபெண்டர் உதட்டுக்கு மேலே, உள்ளே ஸ்ட்ரட் (சஸ்பென்ஷன் தண்டு) வரைக்கும் உள்ள இடைவெளியைக் குறிக்க வேண்டும். கை நுழையாத இடத்தில் பிள்ளைகள் விளையாடும் களிமண் உருண்டையை ஒட்டி, வண்டியை மெதுவாக ஒரு வேகத்தடை மேல் ஏற்றி இறக்கினால் நசுங்கிய கனம் நிஜ இடைவெளியைச் சொல்லும். இந்த அளவிலிருந்து புது டயரின் கூடுதல் ஆரத்தைக் கழித்தபிறகு, எல்லா இடத்திலும் குறைந்தது 10 மில்லிமீட்டராவது மிஞ்ச வேண்டும். முன்னால் கழிக்க வேண்டியது 13, பின்னால் 14.

பின்பக்கம் இடம் இருந்தது. முன்னால், முழுத் திருப்பத்தில், லைனரின் பின் மூலையில் மிஞ்சியது 10-க்கும் கீழே. நின்ற இடத்திலேயே இப்படி என்றால், திருப்பத்தில் ஒரு பள்ளம் வந்து சஸ்பென்ஷன் அமுங்கினால் உரசும். லைனர் பிளாஸ்டிக்தானே, கொஞ்சம் அறுத்துவிடலாம் என்பார்கள். அறுத்தால் உள்ளே இருக்கும் ஒயரிங்கும் சேறும் நேருக்கு நேர் சந்திக்கும். ஐப்பசி, கார்த்திகையில் டிராக்டர் இரும்புச் சக்கரத்தோடு வயலிலிருந்து ஏறி வந்து சாலையெங்கும் களி உதிர்க்கும் ஊரில், டயருக்கும் லைனருக்கும் நடுவே அந்தக் களி அடைந்து காயும். அதற்கும் இடம் வேண்டும்.

மற்ற விலைகளும் உண்டு. பின் டயர் 3.9 சதவீதம் பெரிதானால் மீட்டர் 100 காட்டும்போது வண்டி போவது, பழைய டயரில் அதே மீட்டர் ஏறத்தாழ 104 காட்டும் வேகத்தில். கியர் விகிதம் அதே அளவு நீளும், இழுவை மந்தமாகும். இந்த அளவுகள் பெரும்பாலும் எஸ்யூவிகளுக்காகவே வருகின்றன, டயரும் கனம், ரப்பரும் வேறு. ஸ்டியரிங்கின் கூர்மை போய்விட்டால் இந்த வண்டியை வைத்திருப்பதன் அர்த்தமே போய்விடுகிறது. சட்டம் தனி: பதிவுச் சான்றுக்கு அடிப்படையான கம்பெனி விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் டயரைக் குனிந்து படிப்பார் என்பதை யாரும் மறக்க வேண்டாம்.

18 அங்குல ரிம்முக்கு இறங்குவதையும் பார்த்தோம். வெளிநாட்டில் சாதாரண மஸ்டாங்குக்கு 235/50 ஆர்18 வந்தது, விட்டம் 692.2, சைடுவால் 117.5. டெல்டாவுக்கு அருமையான அளவு. ஆனால் ஜிடியின் முன் பிரேக் டிஸ்க் 380 மில்லிமீட்டர், அதன் மேல் அதைக் கவ்விப் பிடிக்கும் 6 பிஸ்டன் காலிப்பர். சாதாரண 18 ரிம்மின் உள்வட்டத்தில் அது அடங்காது. காலிப்பரின் வடிவத்தை அட்டையில் வெட்டி ரிம்முக்குள் வைத்துச் சுற்றிப் பார்க்காமல் யாரும் 18 வாங்கக் கூடாது.

நான்கிலும் ஒரே 275/40 போடலாம் என்பது இன்னொரு யோசனை. 9 அங்குல முன் ரிம் அதற்கு அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்ச அகலம், ஆகவே ஏறும். டயர்களை முன்பின் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமமாக்கலாம் என்பது பெரிய லாபம். ஆனால் முன்பின் வித்தியாசம் 2.3 சதவீதத்திலிருந்து பூஜ்யமாகும். லாரிகள் போட்ட சக்கரத் தடத்தில் அகல முன் டயர் ஸ்டியரிங்கைத் தன் போக்கில் இழுக்கும், மழைத் தண்ணீரையும் அதிகம் தள்ள வேண்டியிருக்கும். 255 கிடைக்கவே கிடைக்காத நிலை வந்தால் மட்டும் யோசிக்கலாம்.

முடிவு: அதே அளவு, எக்ஸ்எல் வகை

255/40 ஆர்19 எக்ஸ்எல் சுமை எண் 100 முன்னால், 275/40 ஆர்19 எக்ஸ்எல் சுமை எண் 105 பின்னால், வேகக் குறியீடு ஒய் (மணிக்கு 300 கிலோமீட்டர் வரை). எக்ஸ்எல் என்பது சாதாரண வகையைவிடக் கூடுதல் சுமைக்கான டயர். காத்திருந்துதான் வாங்க வேண்டும். திருச்சி, சென்னை, கோயம்புத்தூர் விற்பனையாளர்களிடம் நான்கையும் சேர்த்துச் சொல்லி வைக்க வேண்டும். முன்னது ஒரு மாதிரி, பின்னது வேறு மாதிரி என்று கலக்கக் கூடாது.

எக்ஸ்எல் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது, போட்டாலே பலம் என்று. சாதாரண டயரின் சுமை எண் 36 பிஎஸ்ஐ காற்றுக்குச் சொல்லப்படுவது, எக்ஸ்எல்லின் எண் 42 பிஎஸ்ஐக்கு. 255/40-இல் சாதாரண 96 என்பது 36 பிஎஸ்ஐயில் 710 கிலோ. எக்ஸ்எல் 100 என்பது 42 பிஎஸ்ஐயில் 800 கிலோ. எக்ஸ்எல்லை 36-இல் வைத்தால் அதுவும் ஏறக்குறைய 710 தான். சுமையைத் தாங்குவது முக்கியமாகக் காற்றே. எக்ஸ்எல் அந்தக் கூடுதல் காற்றை வைக்க அனுமதி தருகிறது. ஆகவே இந்த வண்டிக்கு ஸ்டிக்கர் அளவுக்கு மேல் 2 பிஎஸ்ஐ என்று வைத்தோம். அதற்குக் கீழே இறங்கக் கூடாது, காலையில் குளிர்ந்த டயரில், சொந்தமாக வாங்கிய கேஜில் அளக்க வேண்டும். சித்திரை வெயிலில் 10 டிகிரி ஏறினால் ஒன்றரை முதல் 2 பிஎஸ்ஐ தானாகக் கூடும். சூடான டயரில் ‘அதிகமா இருக்கே’ என்று இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைவாகத்தான் நிற்கும்.

வாங்கும்போது பக்கவாட்டில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 15633 எண்ணும் இருக்க வேண்டும். இறக்குமதி டயருக்கும் இது கட்டாயம். நான்கு இலக்கத் தேதியைக் கடையிலேயே படித்துவிட வேண்டும், நான்கும் ஒரே வருடத்துக்குள் இருப்பது நல்லது.

ஒரு பின் டயரை மட்டும் மாற்றினால் என்ன என்ற கேள்விக்கும் எண்ணிலேயே பதில் உண்டு. புது டயரில் பட்டன் 8 மில்லிமீட்டர் என்று வைத்தால், எதிர்ப்பக்கம் 3.2. விட்ட வித்தியாசம் 9.6 மில்லிமீட்டர், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6 சுற்று அதிகம். இரண்டு பின் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் நேர் சாலையிலும் ஓயாமல் வேலை செய்யும். அது அந்த வேக வித்தியாசத்தைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் வகையாக இருந்தால் கிளட்ச் தட்டுகள் சூடேறித் தேயும். அச்சுக்கு இரண்டாக மாற்றுவதுதான் சரி.

பொருத்தும்போது

டயரைக் கழற்றியதும் வெறும் ரிம்மை பேலன்சிங் மெஷினில் சுற்ற விட்டார்கள். குலுக்கலின் பாதிக் காரணம் அங்கே தெரிந்தது: இடது பின் ரிம்மின் உள் விளிம்பு 2 மில்லிமீட்டருக்கு மேல் ஆடியது. வளைந்த ரிம்மில் புது டயரை ஏற்றிப் பேலன்ஸ் செய்தால் எடை சமமாகும், ஆனால் ஓட்டம் வட்டமாகாது. ரிம்மை நிமிர்த்தி, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, ஆட்டம் 1 மில்லிமீட்டருக்குள் வந்தபிறகே டயர் ஏறியது. வெல்டிங் பிடித்த ரிம்மாக இருந்தால் மாற்றச் சொல்லியிருப்போம்.

கம்பியால் நெம்பும் பஞ்சர் கடையில் இந்த வேலை ஆகாது. வால்வோடு காற்றழுத்த சென்சார் உட்கார்ந்திருக்கிறது. சென்சார் எங்கே என்று பார்க்காமல் டயர் விளிம்பை அமுக்கினால் அது உடையும். வால்வு ரப்பர், வால்வு ஊசி எல்லாம் புதிது. வீல் நட்டை 204 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்ச்சால் முடுக்கி, 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபார்த்தார்கள். நான்கு சக்கர அலைன்மெண்ட் கட்டாயம். அடிபட்ட பக்கத்தில் டோ (மேலிருந்து பார்க்கையில் சக்கரம் நிற்கும் கோணம்) விலகியிருந்தது, அப்படியே விட்டிருந்தால் புது டயரின் உள் ஓரம் சில ஆயிரம் கிலோமீட்டரில் மொட்டையாகியிருக்கும்.

குலுக்கல் போய்விட்டது. ஏபிஎஸ், டிராக்‌ஷன் விளக்குகள் அமைதி.

இனிப் பார்க்க வேண்டியவை

முதல் 300 கிலோமீட்டர் அழுத்தி ஓட்டக் கூடாது. டயரை வார்த்த அச்சிலிருந்து ஒட்டிவந்த வழவழப்பு போக வேண்டும். முன் பின் அளவு வேறு என்பதால் டயர்களை முன்பின் மாற்ற முடியாது. சுழற்சி அம்புக்குறி இல்லாத டயராக இருந்தால் இடம் வலம் மட்டும் மாற்றலாம், அதிலும் வெளிப்பக்கம் என்று எழுதிய சுவர் வெளியே இருக்க வேண்டும். சட்டம் பட்டன் 1.6 மில்லிமீட்டர் வரை விடுகிறது. 275 அகல டயரோடு ஐப்பசி மழையில் போகிறவர் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிட வேண்டும், ஏனென்றால் அகல டயர் தள்ள வேண்டிய தண்ணீர் அதிகம். அறுவடைக் காலத்தில் சாலையில் காயும் நெல்லும் வைக்கோலும் நல்ல டயரையும் வழுக்கவிடும், அதற்கு அளவில் மருந்து இல்லை, வேகத்தைத்தான் குறைக்க வேண்டும்.

எதிரே பஸ் வந்து இறங்க வேண்டிவந்தால் நின்றே இறங்க வேண்டும். திரும்ப ஏறும்போது தார் விளிம்பை ஒட்டி உரசிக்கொண்டே போகாமல், நடை வேகத்தில், ஸ்டியரிங்கைச் சற்றுக் கூடுதலாகத் திருப்பிக் கோணத்தோடு ஏற்ற வேண்டும். பட்டன் பக்கம் விளிம்பைச் சந்தித்தால் டயர் தாங்கும், சைடுவால் சந்தித்தால் தாங்காது. மாதம் ஒரு தடவை இடது இரண்டு டயரின் உள் சுவரையும் கையால் தடவிப் பார்ப்பது நல்லது.

இந்த வண்டியில் ஸ்டெப்னி இல்லை, சீலன்ட் பாட்டிலும் சின்ன கம்ப்ரசரும்தான். ஆணி குத்தினால் அது உதவும், சைடுவால் கிழிந்தால் உதவாது. அப்போது வண்டியை மேலே ஏற்றும் பிளாட்பெட் லாரிதான் வழி, பின் சக்கரம் தரையில் உருள இழுத்துப் போகக் கூடாது. தஞ்சாவூரிலோ திருச்சியிலோ பிளாட்பெட் வைத்திருப்பவரின் நம்பரைப் போனில் பதிந்து வைத்து, டிக்கியில் இருக்கும் இழுவைக் கொக்கி பம்பரில் எங்கே திருகப்படுகிறது என்பதைப் பகலிலேயே ஒரு தடவை திருகிப் பார்த்துவிட வேண்டும்.